மீனுக்குக் கம்மல் போட்ட மாளிகை

மத்தியதரைக் கடலைப் பார்த்தபடி ஒரு பங்களா, உள்ளே சுடுநீர்க் குளியலறை, வாசலில் படகு, சாப்பாட்டு மேசையில் சிப்பி. பளபளக்கும் தாளில் அச்சடித்து இன்றும் விற்கப்படுகிற இந்தக் கனவுக்குக் கடை விரித்த முன்னோடி ஒரு சிப்பி வியாபாரி. பெயர் செர்ஜியஸ் ஒராட்டா. காலம் கி.மு. 95 வாக்கில். ரோம் அப்போது குடியரசாக இருந்தது. அதாவது நாட்டை ஒரே பணக்காரர் ஆளாமல் பல பணக்காரர்கள் கூடி ஆண்டுகொண்டிருந்தார்கள்.

இடம், நேப்பிள்ஸ் வளைகுடாவின் வடமேற்கில் இருந்த பாயே என்ற ஊர். வடமேற்கு என்றால் வாயு மூலை. வாஸ்து தெரிந்தவர்கள் இங்கேயே உஷாராகியிருப்பார்கள், ஏனென்றால் அந்த மூலையில் நிஜமாகவே வாயு வந்துகொண்டிருந்தது. தரைக்கு அடியில் பிரம்மாண்டமான எரிமலை ஒன்று படுத்திருந்தது. பாறை இடுக்கில் கந்தகப் புகை, மண்ணைத் தோண்டினால் வெந்நீர். இதைப் பார்த்து ரோமானியர்கள் ஓடவில்லை. விறகுச் செலவு மிச்சம் என்று வீடு கட்டினார்கள்.

ஒராட்டா பக்கத்திலிருந்த லுக்ரினஸ் ஏரியில் சிப்பி வளர்த்தார். வளர்த்ததோடு நிற்காமல், சிப்பி என்றால் லுக்ரினஸ் சிப்பிதான் என்று ஊரையும் நம்பவைத்தார். காசு சேர்ந்ததும் அடுத்த தொழிலில் இறங்கினார். ‘தொங்கும் குளியலறை’ என்ற ஒன்றை அவர் கண்டுபிடித்ததாக ரோமானிய எழுத்தாளர் மூத்த பிளினி எழுதியிருக்கிறார். அது என்ன வஸ்து என்பதில் அறிஞர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை. தரையைக் குட்டைத் தூண்கள்மேல் தூக்கி நிறுத்தி அடியில் சூட்டுக் காற்றை ஓடவிடும் ஏற்பாடு என்கிறது ஒரு கட்சி. அதெல்லாம் இல்லை, சிப்பிக்கு வைத்த வெந்நீர்த் தொட்டி என்கிறது இன்னொரு கட்சி. எதுவாக இருந்தாலும் ஒராட்டா அதை வைத்துச் செய்த வியாபாரத்தில் சந்தேகமே இல்லை. வீட்டை வாங்குவார், குளியலறையைப் பொருத்துவார், விற்பார். கையில் பணம், அடுத்த வீடு.

சும்மா விடுவார்களா? பொது ஏரியில் சிப்பிப் பண்ணையை நீட்டிக்கொண்டே போகிறார் என்று அரசாங்கக் குத்தகைக்காரர் கொன்சிடியஸ் வழக்குப் போட்டார். அவர் பக்கம் ஆஜரான வக்கீல் லூசியஸ் கிராசஸ், தன் கட்சிக்காரரைப் பார்த்தே அனுதாபப்பட்டாராம்: ஏரியை விட்டுத் துரத்தி என்ன பயன், இந்த மனுஷன் வீட்டுக் கூரை ஓட்டின்மேல்கூட சிப்பி வளர்த்துவிடுவாரே!

இன்னொரு வழக்கு இதைவிட ரசமானது. கிராட்டிடியானஸ் என்பவர் ஒராட்டாவிடமிருந்து ஒரு வீட்டை வாங்கினார். சில வருஷம் கழித்து அதே வீட்டை ஒராட்டாவுக்கே திருப்பி விற்றார். அந்த வீட்டின்மேல் ஒரு வில்லங்கம் இருந்தது. பத்திரத்தில் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. வில்லங்கத்தை மறைத்து என் தலையில் கட்டிவிட்டான் என்று ஒராட்டா நீதிமன்றத்துக்குப் போனார். வீடு முதலில் யாருடையது? ஒராட்டாவுடையது. வில்லங்கம் தெரியாமலா இருக்கும்? இந்தக் கேள்வியை எதிர்த்தரப்பு வக்கீல் அந்தோனியஸ் கேட்கத்தான் செய்தார். ஒராட்டாவுக்காக வாதாடியவர் யார் தெரியுமா? மேலே ஓட்டின்மேல் சிப்பி என்று கேலி செய்த அதே கிராசஸ்தான். வக்கீல் தொழில் தழைத்தோங்கிய ஊர்.

பாயேயில் இந்தக் கட்டட மோகம் தலைக்கேறியதற்குக் காரணம் மண். பக்கத்துத் துறைமுகமான புத்தியோலியைச் சுற்றிக் கிடைத்த எரிமலைச் சாம்பலைச் சுண்ணாம்போடும் சல்லியோடும் கலந்து கடலுக்குள் கொட்டினால், தண்ணீருக்கு உள்ளேயே இறுகிக் கல்லாகிவிடும். கட்டடக்கலைக்குப் பத்துப் பாகத்தில் நூல் எழுதிய விட்ருவியஸ் இந்த மண்ணுக்கென்று தனி அத்தியாயமே ஒதுக்கியிருக்கிறார். சாம்பலின் குணம் தெரிந்த பிறகு பணக்காரர்களுக்குக் கரை என்பது ஒரு எல்லையாகவே படவில்லை. வீட்டைக் கடலுக்குள் நீட்டினார்கள். அடுத்த வீட்டுக்காரர் இன்னும் பத்தடி நீட்டினார். பிறகு இவர். மீன்களே இடநெருக்கடியை உணர ஆரம்பித்துவிட்டன என்ற பொருளில் கவிஞர் ஹோரஸ் அலுத்துக்கொண்டார்.

விட்ருவியஸ் சாம்பலோடு நிற்கவில்லை. படுக்கையறையும் நூலகமும் கிழக்குப் பார்த்து இருக்க வேண்டும், தெற்கும் மேற்கும் பார்த்தால் ஈரக்காற்றில் புத்தகத்தைப் பூச்சி அரிக்கும். குளிர்காலச் சாப்பாட்டறையும் குளியலறையும் தென்மேற்கைப் பார்க்க வேண்டும், சாயங்கால வெயில் விழும். இதுவரை நியாயம். ஊர் கட்ட இடம் பார்ப்பதற்கு அவர் சொல்லும் முறைதான் விசேஷம்: அந்த நிலத்தில் மேய்ந்த ஆடுமாட்டை அறுத்து ஈரலைப் பார்க்க வேண்டும். ஈரல் நன்றாக இருந்தால் இடம் ராசியானது. ஆட்டின் ராசியைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

இனி விலை. மிசேனம் முனையில் தளபதி மாரியஸுக்கு ஒரு பங்களா இருந்தது. போர்க்களத்தில் புழுதி தின்ற கிழவருக்கு இவ்வளவு சொகுசு எதற்கு என்று ஊரார் முணுமுணுத்த வீடு. அதை கொர்னேலியா என்ற சீமாட்டி 75,000 திராக்மாவுக்கு வாங்கினார். கொஞ்ச காலத்திலேயே அதே வீட்டை லூகுல்லஸ் வாங்கிய விலை 25,00,000 திராக்மா என்று வரலாற்றாசிரியர் புளூடார்க் எழுதிவைத்திருக்கிறார். முப்பத்து மூன்று மடங்கு. கடற்கரை நிலத்தில் போட்ட காசு கைவிடாது என்று சொல்லித் திரிகிறவர்களுக்கு ஆதாரம் வேண்டுமானால் எடுத்துக்கொள்ளலாம்.

லூகுல்லஸ் கிழக்கே மித்ரிடேட்ஸ் மன்னனோடு வருஷக்கணக்கில் போரிட்டவர். போரை முடிக்கிற புகழ் இன்னொரு தளபதி பாம்பேயஸுக்குப் போனது, கொள்ளையடித்த பணம் மட்டும் லூகுல்லஸோடு ஊர் வந்து சேர்ந்தது. பெரிய மனுஷர்கள் அரசியலில் தோற்றால் புத்தகம் எழுதுவார்கள். இவர் மீன் வளர்த்தார். நேப்பிள்ஸ் பக்கம் தன் மீன்தொட்டிக்குக் கடல்நீர் வர வேண்டும் என்பதற்காக ஒரு மலையைக் குடைந்தார். வீடு கட்டிய செலவைவிட மலை குடைந்த செலவு அதிகம். மலையை வெட்டிக் கால்வாய் விட்ட பாரசீக மன்னனின் பெயரைச் சொல்லி, இவர் ரோமானிய அங்கி போட்ட ஸெர்க்சீஸ் என்று பாம்பேயஸ் நக்கல் அடித்தார். பாம்பேயஸ் இன்னொரு தடவை, உன்னுடைய மலைவீடு கோடைக்குச் சரி, குளிருக்கு லாயக்கில்லை என்று குறை சொல்லியிருக்கிறார். பருவத்துக்கு ஒரு வீடு மாற்றக் கொக்குக்கும் நாரைக்கும் தெரிகிறது, எனக்குத் தெரியாதா என்று லூகுல்லஸ் கேட்டாராம். நாரை வாடகையில்லாமல் போய்வருகிறது என்பதை யாரும் எடுத்துச் சொன்னதாகத் தெரியவில்லை.

அவர் செத்த பிறகு தொட்டி மீன்களை விற்றார்கள். எவ்வளவுக்கு? வேளாண்மை நூல் எழுதிய வார்ரோ, ரோமானியக் காசில் 40,000 செஸ்டெர்ஸ் என்கிறார். நூறு வருஷம் கழித்து எழுதிய கொலுமெல்லா 4,00,000 என்கிறார். அவருக்கும் பின்னால் வந்த பிளினி 40,00,000 என்கிறார். தலைமுறைக்கு ஒரு சைபர். விற்றுப்போன பிறகும் வளர்ந்துகொண்டே இருந்த மீன்கள் உலகத்தில் இவை மட்டும்தான்.

மீன் பைத்தியம் என்று நான் சொல்வது மிகையில்லை. அந்தக் காலத்துக் கடற்கரை பங்களாவின் மையம் கூடமோ தோட்டமோ அல்ல, தொட்டிதான். மோவாயில் இரண்டு மீசை தொங்கும் நவரை மீன், பாம்பு மாதிரி நெளியும் அஞ்சாளை, இவற்றுக்குத் தனித்தனி அறை, அலை ஏறி இறங்க வாய்க்கால், நிழலுக்குக் குகை. மனிதர்களுக்குக் கட்டிய அறைகளைவிட வசதி. ரோமின் நட்சத்திர வக்கீல் ஹோர்டென்சியஸ் பௌலி என்ற இடத்தில் தொட்டி கட்டிவைத்திருந்தார். விருந்துக்கு மீன் வேண்டுமானால் ஆளை அனுப்பிப் புத்தியோலி சந்தையில் வாங்குவார். சொந்தத் தொட்டி மீனைத் தொட மாட்டார். தானே குனிந்து கையால் ஊட்டுவார். இவரிடம் ஒரு நவரை கேட்பதைவிட வண்டியில் பூட்டிய கோவேறு கழுதையைக் கேட்டால் சுலபமாகக் கிடைக்கும் என்று நண்பர்கள் சொல்லிக்கொண்டார்கள். வீட்டு அடிமைக்கு உடம்பு சரியில்லை என்றால் அவ்வளவாகக் கவலைப்படாதவர், மீனுக்கு உடம்பு சரியில்லை என்றால் துடித்துப்போவார். அவர் ஆசையாக வளர்த்த அஞ்சாளை செத்தபோது கண்ணீர்விட்டு அழுததாகவும் கதை. பந்தியில் முதன்முதலாக மயில்கறி பரிமாறிய பெருமையும் இவருக்குத்தான். மயிலுக்காக யாரும் அழவில்லை.

சிப்பி வழக்கு கிராசஸும் இந்த நோய்க்கு ஆளானவர்தான். அவரும் ஒரு அஞ்சாளைக்காக துக்கம் கொண்டாடினார். சக அதிகாரி டொமிடியஸ் சபையில் வைத்தே கிண்டல் செய்தபோது, நீ மூன்று மனைவியைப் புதைத்தும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லையே என்று திருப்பிக் கொடுத்தாராம். கி.மு. 92இல் இந்த இருவரும் சேர்ந்து வகித்த பதவி, ரோமானியர்களின் ஒழுக்கத்தைக் கண்காணிக்கும் பதவி.

ஹோர்டென்சியஸின் பௌலி பங்களா பின்னாளில் அந்தோனியா கைக்குப் போனது. பேரரசர் அகஸ்டஸின் அக்காள் மகள். பின்னால் பேரரசரான கிளாடியஸுக்கு அம்மா. இந்த அம்மையார் தன் செல்ல அஞ்சாளைக்குக் கம்மல் போட்டார். நிஜக் கம்மல். மீனுக்கு ஏது காது என்று கேட்காதீர்கள், செவுளில் மாட்டியிருப்பார்கள். அதைப் பார்ப்பதற்கென்றே பௌலிக்கு ஆட்கள் வந்துபோனார்கள் என்று பிளினி எழுதுகிறார். பிடித்துவைத்து மாட்டிய அடிமையின் விரல்கள் என்ன ஆயின என்று எழுதவில்லை. அஞ்சாளைக்குப் பல் ஜாஸ்தி.

இந்தக் கூட்டத்துக்கு ‘மீன்தொட்டிக்காரர்கள்’ என்று பட்டப்பெயர் வைத்தவர் வக்கீலும் அரசியல்வாதியுமான சிசரோ. நாடு பற்றி எரிகிறது, இவர்களுக்கு நவரை வந்து கையிலிருந்து கொத்தித் தின்றால் சொர்க்கம் என்று நண்பர் அட்டிகஸுக்குக் கடிதம் கடிதமாகப் பொருமியிருக்கிறார். படித்தால் எளிமையின் வடிவம் என்று தோன்றும். ஆசாமிக்கு பாம்பெய்யில் ஒரு வீடு, கூமேயில் ஒன்று, புத்தியோலியில் ஒன்று, ஃபோர்மியேயில் ஒன்று, அஸ்தூராவில் ஒன்று, டஸ்குலம் மலையில் ஒன்று, பிறந்த ஊரில் ஒன்று. மீன்தொட்டிதான் இல்லை போலிருக்கிறது.

ஆனால் எனக்கு இந்த முழுக் கூட்டத்திலும் பிடித்த வீட்டுக்காரர் சிசரோதான். வீடு கட்டியவன் படுகிற அத்தனை அவஸ்தையையும் எழுதிவைத்துவிட்டுப் போன ஒரே ஆள். டஸ்குலம் வீட்டுக்குச் சிலை வாங்கிவரச் சொல்லி ஒரு நண்பரிடம் பொறுப்பைக் கொடுத்தார். நண்பர் கலைத்தேவியரை வாங்கியிருந்தால்கூட நூலகத்துக்கு ஒரு பொருத்தம். அவர் வாங்கி அனுப்பியது குடித்துவிட்டு ஆடும் பெண்களின் சிலைகள். கூடவே போர்க் கடவுளின் சிலை ஒன்று. சமாதானம் பேசிப் பேர் வாங்கிய என் வீட்டில் போர்க் கடவுளுக்கு என்ன வேலை என்று சிசரோ கேட்கிறார். நல்லவேளை, சனீஸ்வரன் சிலையையும் வாங்காமல் விட்டாயே, இரண்டும் சேர்ந்திருந்தால் கடனாளியாகியிருப்பேன் என்றும் அந்தக் கடிதத்தில் வருகிறது. சனி பார்த்தால் கடன் என்ற பயம் ரோமிலும் இருந்திருக்கிறது.

ஜன்னல் சின்னதாக இருக்கிறது என்று அட்டிகஸ் குறை சொன்னார். சிசரோ கட்டடக் கலைஞர் சைரஸைக் கூப்பிட்டுத் திட்டினாரா? இல்லை. கண்ணிலிருந்து பார்வைக்கதிர் எப்படிப் புறப்படுகிறது, தோட்டத்தை எந்தக் கோணத்தில் தொடுகிறது என்று க்ஷேத்திரகணிதப் பாடம் நடத்தி, சின்ன ஜன்னல்தான் கண்ணுக்கு இதம் என்று நிரூபித்துவிட்டார். கட்டி முடித்த பிறகு வேறு என்ன செய்ய முடியும்?

கி.மு. 45, டிசம்பர் 19. புத்தியோலிப் பக்கம் இருந்த வீட்டுக்கு விருந்தாளியாக ஜூலியஸ் சீசர் வந்தார். தனியாக வரவில்லை, இரண்டாயிரம் பேரோடு வந்தார். வயலில் கூடாரம் போட்டு, வீட்டுக்குக் காவல் போட்டு, மூன்று அறைகளில் பந்தி விரித்து, அடிமைகளுக்குக்கூடக் குறைவில்லாமல் பரிமாறி, சிசரோவுக்கு நாக்குத் தள்ளிப்போனது. சீசர் குளித்தார், எண்ணெய் தேய்த்துக்கொண்டார், வயிறு முட்டச் சாப்பிட்டார். வாந்தி மருந்து சாப்பிடுகிற சிகிச்சையில் இருந்ததால் எவ்வளவு உள்ளே போகிறது என்ற கவலை அவருக்கு இல்லை. அரசியல் ஒரு வார்த்தை பேசவில்லை, இலக்கியம் மட்டும் பேசினார். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு அட்டிகஸுக்குக் கடிதம் எழுத உட்கார்ந்த சிசரோ சொன்னதன் சாரம் இது: “போயிட்டு வாங்க” என்று வாய் நிறையச் சொல்லி அனுப்பக்கூடிய விருந்தாளி இல்லை இவர், ஒரு தடவை போதும். அடுத்த மார்ச் மாதம் சீசரைக் குத்திவிட்டார்கள். மறுபடி வரவில்லை.

அதற்கு அடுத்த மாதம், ஏப்ரலில், புத்தியோலியில் சிசரோவுக்கு உயில்வழி கிடைத்திருந்த வாடகைக் கடைகளில் இரண்டு இடிந்து விழுந்தன, மீதியில் விரிசல். குடியிருந்தவர்கள் மட்டுமல்ல, எலிகளும் காலி செய்துவிட்டன என்று எழுதுகிறார். இதை ஒரு கஷ்டமாகவே தான் எடுத்துக்கொள்ளவில்லை, சாக்ரடீஸைப் படித்ததன் பலன் என்று மேலே ஒரு வரி தத்துவம். அதற்குக் கீழேயே, திரும்பக் கட்டும்போது இந்த நஷ்டத்தில் எப்படி லாபம் பார்ப்பது என்ற யோசனை. இவரை எப்படிப் பிடிக்காமல் போகும்?

எல்லாமே இப்படிச் சிரிக்கிற மாதிரி இல்லை. நேப்பிள்ஸுக்கும் புத்தியோலிக்கும் நடுவில், கடலைப் பார்த்த குன்றின்மேல் வேடியஸ் போலியோ என்ற பணக்காரர் கட்டிய பங்களாவுக்கு அவர் வைத்த பெயர் பௌசிலிபோன். துயர் தீர்க்கும் இடம் என்று அர்த்தம். வீட்டு வாசலில் ‘நிம்மதி இல்லம்’ என்று பலகை மாட்டுகிறவர்கள் இவருடைய வாரிசுகள். இவரிடமும் அஞ்சாளைத் தொட்டி இருந்தது, அதில் குற்றம் செய்த அடிமைகளைத் தூக்கிப் போடுவார். ஒருநாள் பேரரசர் அகஸ்டஸ் விருந்துக்கு வந்திருந்தபோது ஒரு அடிமைப் பையன் பளிங்குக் கோப்பையைப் போட்டு உடைத்துவிட்டான். தொட்டியில் போடு என்றார் போலியோ. பையன் ஓடிப்போய் அகஸ்டஸின் காலில் விழுந்து, உயிர்ப்பிச்சை வேண்டாம், வேறு விதமாகச் சாகவிட்டால் போதும் என்று கெஞ்சினான். அகஸ்டஸ் பையனை விடுவித்தார், வீட்டிலிருந்த பளிங்குக் கோப்பைகள் அத்தனையையும் தன் கண்முன்னே உடைக்கச் சொன்னார், தொட்டியை மண் போட்டு மூடச் சொன்னார். கி.மு. 15இல் போலியோ செத்தபோது சொத்தில் பெரும்பங்கை அகஸ்டஸுக்கே எழுதிவைத்திருந்தார். பௌசிலிபோனை அகஸ்டஸ் வைத்துக்கொண்டார், ரோமிலிருந்த போலியோவின் வீட்டை மட்டும் இடித்துத் தள்ளினார். அறச்சீற்றத்துக்கும் கடற்கரை வீட்டின் மதிப்பு தெரியும்.

அகஸ்டஸுக்கு அடுத்து வந்த பேரரசர் திபேரியஸ் சிக்கனக்காரர் என்று பேரெடுத்தவர். கி.பி. 22இல் செனட் சபைக்கு ஒரு கடிதம் எழுதினார். இந்தப் பங்களாக்களின் அளவைச் சொல்வதா, பெண்கள் கல்லுக்கும் முத்துக்கும் ஆசைப்பட்டு நம் பணத்தை வெளிநாட்டுக்கு அனுப்புவதைச் சொல்வதா, எங்கிருந்து திருத்துவது என்று அலுப்பு. அந்த வெளிநாடுகளில் நாமும் ஒன்று. மிளகும் முத்தும் முசிறியிலிருந்தும் பாண்டிய நாட்டிலிருந்தும் செங்கடல் வழியாக அலெக்சாந்திரியா போய், அங்கிருந்து புத்தியோலித் துறைமுகத்தில் இறங்கின, பாயே பங்களாக்களின் மாடியிலிருந்து பார்த்தாலே தெரிகிற தூரத்தில். திபேரியஸ் அங்கலாய்த்த பணம் எங்கே போனது என்று தேட வேண்டியதில்லை. கோயம்புத்தூர், கரூர் வட்டாரத்துப் புதையல்களில் அவர் தலை பொறித்த வெள்ளிக் காசுகள் கிடைத்திருக்கின்றன.

இப்படிக் கடிதம் எழுதியவர் தன் விஷயத்தில் என்ன செய்தார்? ஸ்பெர்லொங்கா கடற்கரையில் ஒரு குகைக்குள் சாப்பாட்டறை வைத்திருந்தார். நாலாபக்கமும் தண்ணீர், உள்ளே ஒற்றைக்கண் அரக்கனைக் குத்தும் பிரம்மாண்டமான சிலைகள், நடுவில் பந்தி. கி.பி. 26இல் விருந்து நடந்துகொண்டிருக்கும்போதே குகையின் வாய்ப்பக்கத்துப் பாறை சரிந்து சில வேலைக்காரர்களை நசுக்கியது. மற்றவர்கள் ஓடினார்கள். தளபதி செஜானஸ் மட்டும் பேரரசரின்மேல் குனிந்து கற்களைத் தன் உடம்பில் வாங்கிக்கொண்டார். அன்றிலிருந்து அவர் வைத்ததுதான் சட்டம். கி.பி. 31இல் அவருக்கும் மரண தண்டனை கொடுத்துவிட்டார் திபேரியஸ் என்பது வேறு கதை.

பிறகு காப்ரி தீவு. பன்னிரண்டு பங்களா. ஆளோ ஒருவர். தீவில் சொல்லிக்கொள்ளும்படி ஊற்று கிடையாது, ஆகவே உச்சியில் கட்டிய ஜோவிஸ் மாளிகைக்கு நடுவே மழைநீர்த் தொட்டிகளை மலை மலையாகக் கட்டி அவற்றைச் சுற்றி அறைகளை அடுக்கினார்கள். யாரும் ஏறி வர முடியாது என்ற நம்பிக்கையில் அவர் நிம்மதியாக இருந்தபோது, செங்குத்தான பின்பக்கப் பாறையில் தொற்றி ஏறி ஒரு மீனவன் எதிரே வந்து நின்றான். கையில் ஒரு பெரிய நவரை. ராஜாவுக்குப் பரிசு கொடுக்க வந்திருக்கிறான், பாவம். திடுக்கிட்டுப்போன திபேரியஸ் அந்த மீனாலேயே அவன் முகத்தைத் தேய்க்கச் சொன்னார். வலியைப் பொறுத்து அவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நல்லவேளை, பிடித்த சிங்கி இறாலைக் கொண்டுவரவில்லை என்று சொல்லித் தொலைத்தான். ஆளனுப்பி அதையும் எடுத்துவரச் சொன்னார் திபேரியஸ். சிங்கி இறாலின் முதுகு எப்படி இருக்கும் என்று கடற்கரைக்காரர்களுக்குத் தெரியும்.

அவருக்குப் பின் வந்த கலிகுலா, கப்பல்களை வரிசையாக நிறுத்திப் பாயேயிலிருந்து புத்தியோலிக்குக் கடலின்மேல் பாலம் போட்டுக் குதிரையில் போய்வந்தார். தானியக் கப்பல்கள் அங்கே மாட்டிக்கொண்டதில் ரோமில் பஞ்சம் என்று பேச்சு. பின்னால் பேரரசரான நீரோ அவரையும் மிஞ்சினார். கி.பி. 59இல் அம்மா அக்ரிப்பினாவைப் பாயேக்கு விருந்துக்கு அழைத்து, நடுக்கடலில் கழன்று விழும்படி செய்த படகில் ஏற்றி அனுப்பினார். ஈயம் ஏற்றிய மேற்கூரை விழுந்தது, படகு சாய்ந்தது, அம்மா தோளில் காயத்தோடு நீந்தி வந்துவிட்டார். நான்தான் அக்ரிப்பினா, என்னைக் காப்பாற்றுங்கள் என்று கத்திய தோழியைத் துடுப்பாலேயே அடித்துக் கொன்றார்கள். விவரம் புரிந்து வாயை மூடிக்கொண்டு நீந்தியவரை, எதிரே வந்த சின்னப் படகுகள் ஏற்றிக்கொண்டு லுக்ரினஸ் ஏரியில் கொண்டுபோய் விட்டன. நம்ம ஒராட்டாவின் சிப்பி ஏரி. பிறகு பங்களாவுக்கே ஆளனுப்பி வேலையை முடித்தார் மகன்.

நீரோவின் வாத்தியார் செனெக்கா பாயேக்கு ஒரு தடவை வந்தார். வந்த மறுநாளே கிளம்பிவிட்டார். கரையெல்லாம் குடிகாரர்கள், ஏரியெல்லாம் பாட்டுக் கச்சேரி, ஒழுக்கசாலி தங்குகிற ஊரா இது என்று நீளமாக ஒரு கடிதம். பத்தினியாக வந்த ஒரு பெண்மணி இந்த ஊரில் குளித்த கையோடு ஒரு இளைஞனோடு போய்விட்டதைப் பற்றி மார்ஷியல் பின்னாளில் கவிதை எழுதினார். செனெக்காவின் சொத்து 30 கோடி செஸ்டெர்ஸ் என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் குறிப்பிடுகிறார். எளிமையாக வாழ அவ்வளவு செலவாகிறது.

உள் அலங்காரத்தைச் சொல்லாமல் விட்டால் வீட்டம்மாக்கள் மன்னிக்க மாட்டார்கள். வெசுவியஸ் மலையடியில் ஓப்லோன்டிஸ் என்ற இடத்தில் தோண்டியெடுத்த பங்களா நீரோவின் மனைவி பொப்பேயாவுடையது என்று சொல்கிறார்கள். அங்கே கிடைத்த ஒரு ஜாடியில் இருந்த எழுத்தை வைத்துச் செய்த ஊகம். 61 மீட்டர் நீளம், 17 மீட்டர் அகலத்தில் நீச்சல் குளம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் குளம் வெட்டிக்கொண்டதற்கு விளக்கம் எதிர்பார்க்காதீர்கள். சுவரெல்லாம் ஓவியம்: இல்லாத தூண்கள், திறக்காத கதவுகள், வாங்காத பளிங்கு, பறக்காத மயில், சாப்பிட முடியாத அத்திப்பழக் கூடை. நிஜத் தூண் நூறு வாங்கக் காசு வைத்திருந்தவர்கள் பொய்த் தூண் வரைந்துகொண்டு அதைத் தடவிப் பார்த்து மகிழ்ந்தார்கள். பிளாஸ்டிக் செங்கல் ஒட்டுகிற நாம் அவர்களை ஒன்றும் சொல்வதற்கில்லை.

வீட்டு விளம்பரம் எழுதுவதில் இளைய பிளினியை அடிக்க ஆளில்லை. ரோமிலிருந்து 17 மைலில், லௌரென்டம் கடற்கரையில் இருந்த தன் பங்களாவைப் பற்றி காலஸ் என்ற நண்பருக்கு அவர் எழுதிய கடிதத்தைப் படித்தால் முன்பணம் கட்டத் தோன்றும். அலை வந்து காலைத் தொடும் சாப்பாட்டறை, மூன்று பக்கமும் கடல். நீந்திக்கொண்டே கடலைப் பார்க்கிற வெந்நீர்க் குளம். பண்டிகை நாளில் அடிமைகள் போடும் கூச்சல் கேட்காத தனி அறை. கடைசியில், ரொம்பப் பணிவாக, ஒரே ஒரு குறை: ஓடும் தண்ணீர் கிடையாது, கிணறுதான். குளிக்க அவசரமானால் பக்கத்துக் கிராமத்தில் மூன்று பொதுக் குளியலறைகள் வாடகைக்கு இருக்கின்றன. இந்தக் கடிதத்தை வைத்து 17ஆம் நூற்றாண்டிலிருந்து கட்டடக் கலைஞர்கள் வரைபடம் போட்டுப் பார்க்கிறார்கள், ஒன்றுக்கொன்று ஒத்துவரவில்லை. விளம்பரத்தை நம்பி வரைபடம் போட்டால் அப்படித்தான்.

இவருடைய மாமாதான் மூத்த பிளினி, மேலே அடிக்கடி வந்துபோனவர். சொகுசைத் திட்டியே பெரிய பெரிய நூல் எழுதியவர், மிசேனம் கடற்படைக்குத் தலைவர். கி.பி. 79இல் வெசுவியஸ் வெடித்தபோது ஆட்களைக் காப்பாற்றக் கப்பலில் போனார். ஸ்டாபியேயில் ஒரு நண்பரின் பங்களாவில் இறங்கினார். எல்லோரும் நடுங்கிக்கொண்டிருக்க, குளித்தார், சாப்பிட்டார், படுத்தார், குறட்டை வாசலுக்குக் கேட்டது. முற்றத்தில் சாம்பல் ஏறி அறைக்கதவை அடைக்கப்போகிற நேரத்தில் எழுப்பினார்கள். தலையணையைத் தலையில் கட்டிக்கொண்டு கரைக்கு ஓடினார்கள், அங்கேயே உயிர் போனது. ஓப்லோன்டிஸ் பங்களா அன்று காலியாக இருந்தது. ரிப்பேர் வேலை முடியவில்லை. வீட்டு வேலை தாமதமானதில் யாருக்காவது நன்மை நடந்திருந்தால் அது பொப்பேயா வீட்டில்தான்.

பாயே பக்கம் வெசுவியஸ் சாம்பல் பெரிதாகச் சேதம் செய்யவில்லை, வளைகுடாவின் அந்தக் கரையில் பங்களாக்கள் நின்றன. கி.பி. 476இல் மேற்கு ரோமின் கடைசிப் பேரரசனான சின்னப் பையன் ரோமுலஸை இறக்கிவிட்ட தளபதி ஒடோவாக்கர், வருஷத்துக்கு 6,000 பொற்காசு பென்ஷன் கொடுத்து அவனை அனுப்பிவைத்த இடம் லூகுல்லஸின் பழைய நேப்பிள்ஸ் பங்களா. சாம்ராஜ்யம் போனாலும் கடற்கரை வீடு மிஞ்சியது.

பாயேயின் கதை வேறு விதமாக முடிந்தது. கீழே படுத்திருந்த எரிமலை மூச்சு விடுகிற மாதிரி அந்தத் தரை ஏறி இறங்கும். பல நூற்றாண்டுகளில் கரையோரம் மெல்ல மெல்லப் பல மீட்டர் இறங்கிவிட்டது. கடலைத் தொட்டிக்கு இழுத்துவர மலையைக் குடைந்தார்களே, அந்தச் சிரமம் இனி வேண்டாம் என்று கடல் தானே வந்து சாப்பாட்டறையில் உட்கார்ந்துகொண்டது. கிளாடியஸ் கட்டிய விருந்து மண்டபம் இப்போது சுமார் ஐந்து மீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அங்கே கிடைத்த சிலைகளில் அவர் அம்மா அந்தோனியாவுடையதும் ஒன்று. அசலை மேலே அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டு, நகலைத் தண்ணீருக்குள் பழைய இடத்திலேயே நிறுத்தியிருக்கிறார்கள். மீன்கள் வந்து பார்த்துவிட்டுப் போகின்றன.

2002 முதல் அது பாதுகாக்கப்பட்ட நீரடிப் பூங்கா. போகிறவர்களுக்குக் கண்ணாடி அடித்தளப் படகு உண்டு. மூழ்கத் தெரிந்தவர்கள் வழிகாட்டியோடு இறங்கி மொசைக் தரையைப் பார்க்கலாம். தூண்டில் எடுத்துப் போகாதீர்கள், இடிபாடுகள் இருக்கிற பகுதியில் மீன் பிடிக்கத் தடை.